காது இரையும் இரவுகளுக்குச் சீன இசை

காதில் 'கொய்ங்' என்ற இரைச்சலோடு வருபவர்களுக்கு இரவு பெரும்பாடு. பகல் சத்தத்தில் அமுங்கிக் கிடப்பது, விளக்கை அணைத்ததும் தலைதூக்கும். செவித்திறன் பரிசோதனை முடிந்ததும் இவர்களிடம் நான் சொல்வது, அறையை முழு நிசப்தமாக விடாதீர்கள் என்பதுதான். பலருக்கு மின்விசிறிச் சத்தமே போதும். இசை வேண்டும் என்பவர்களில் சிலர் இப்போது சீன வாத்திய இசையைத் தேடிப் போடுகிறார்கள். நல்ல விஷயம். அதன் ஐந்து சுர வரிசை நம் மோகனத்துக்கு வெகு அருகில் இருப்பதால் காதுக்கு அந்நியமாகப் படுவதில்லை. எந்த வாத்தியம், எந்த உருப்படி என்று மட்டும் பார்த்துப் போடுங்கள்.

நான் முதலில் சொல்வது குச்சின் என்ற தந்தி வாத்தியம். ஏழு தந்திகள், வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் கிடையாது. விரல் வைக்கும் இடம் தெரிய 13 புள்ளிகள் பதித்திருக்கும். அந்தக் காலத்தில் பட்டு நூலில்தான் தந்தி முறுக்கினார்கள். அறிஞர்கள் தங்கள் படிப்பறையில் தமக்கோ ஓரிரு நண்பர்களுக்கோ வாசித்த வாத்தியம் என்பதால் ஓசையே தணிவு. ஒரு சுரத்தை மீட்டினால், இடது கை விரல் தந்தியில் வழுக்குகிற உரசல்கூடக் கேட்கும். அந்தச் சுரம் தேய்ந்து அடங்கும்வரை அடுத்தது அவசரப்படாது. 1977இல் வாயேஜர் விண்கலத்தோடு போன தங்க இசைத்தட்டில், குச்சின் கலைஞர் குவான் பிங்ஹு வாசித்த 'ஓடும் நீர்' ஏழரை நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. அற்புதமான வாசிப்பு. ஆனால் நடுவில் வெள்ளம் புரளும் பகுதி வருவதால் மாலை நேரத்துக்குத்தான் சொல்வேன். படுக்கும்போது 'மணல்திட்டில் இறங்கும் காட்டு வாத்துகள்' போடலாம்.

பிபா என்ற தந்தி வாத்தியம் அப்படியல்ல. அதன் புகழ்பெற்ற உருப்படி ஒன்று கி.மு. 202இல் நடந்த கெய்சியா போரைச் சித்திரிக்கிறது. தூக்கத்துக்குப் போட்டால் தூக்கிவாரிப்போடும். டிசி புல்லாங்குழலில் ஒரு துளைமேல் மெல்லிய நாணல் சவ்வு ஒட்டியிருக்கும். அதன் கூர்மையான ரீங்காரம், சத்தம் தாங்காத காதுகளுக்கு ஒத்துவராது.

ஒலி அளவில்தான் பலர் தவறுகிறார்கள். இரைச்சலை அமுக்கிவிடத் துடித்து ஒலியைக் கூட்டாதீர்கள். இசை இரைச்சலைவிடச் சற்றுத் தணிந்து, இரண்டும் சேர்ந்தே கேட்க வேண்டும். அப்போதுதான் மூளை இரைச்சலுக்குப் பழகி அதைப் பொருட்படுத்தாமல் விடும். இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டாம், காதுக்குழாய் புண்ணாகும், அழுக்கு உள்ளே தள்ளப்படும். எட்டி வைத்த சிறு ஸ்பீக்கர் போதும். இரவு முழுக்க ஓடும் வீடியோக்களில் நடுவே விளம்பரம் அலறும், ஆகவே பதிவிறக்கி, டைமர் வைத்துக் கேளுங்கள்.

எல்லா இரைச்சலுக்கும் இசை மருந்தாகாது. ஒரு காதில் மட்டும் இரைகிறது, நாடித் துடிப்போடு சேர்ந்து துடிக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென ஒரு காது கேட்கவில்லை என்றால் அன்றே போங்கள். அதற்கான சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.