ரயிலை நிறுத்திய இழை

பிளஸ் டூ படிக்கும் மகனோடு வாரம் தவறாமல் வாக்குவாதம் நடப்பதாக வாசகி ஒருவர் எழுதியிருந்தார். காமிக்ஸிலிருந்து எடுக்கப்படும் சூப்பர் ஹீரோ படங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையரங்குகளை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. அந்த வரவேற்புக்கு அவை உண்மையிலேயே தகுதியானவையா, இயற்பியல் படிக்கிற பிள்ளைக்கு அவற்றால் கெடுதல்தானே மிச்சம் என்று கேட்டிருந்தார்.

எல்லாப் படங்களும் தகுதியானவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தகுதியானவற்றைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இந்தக் கதைகள் ஒவ்வொன்றும் நடக்கவே முடியாத ஒரு செய்தியை ஒப்புக்கொள்ளும்படி நம்மிடம் வேண்டுகின்றன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குச் சூப்பர் ஹீரோக்களை வைத்தே இயற்பியல் நடத்திய பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ், ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரே ஓர் அற்புதத்தை மட்டும் விலக்காக அனுமதிக்கலாம் என்பார். அந்த ஒன்றை அனுமதித்த பிறகு, எஞ்சியவை இயற்கையின் விதிகளுக்குக் கட்டுப்படுகின்றனவா, நாயகன் தன் சக்திக்குரிய விலையைக் கொடுக்கிறானா என்பதே என் உரைகல். அதில் உரசிப் பார்க்க ஸ்பைடர்மேனையும் அவனுடைய இழையையும் எடுத்துக்கொள்கிறேன்.

சிலந்தி கடித்துச் சக்தி பெற்ற ஸ்பைடர்மேன், 1962 ஆகஸ்ட் மாத காமிக்ஸ் இதழ் ஒன்றில் பிறந்தவன். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அவனைப் படைத்தார்கள். காமிக்ஸில் மணிக்கட்டில் கட்டிய கருவியிலிருந்து இழை பாயும். சாம் ரெய்மி இயக்கிய 2002ஆம் ஆண்டுப் படத்தில் அது உடலிலேயே சுரக்கிறது. வெளியான முதல் வார இறுதியிலேயே அமெரிக்காவில் 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய முதல் படம் அதுதான்.

அதே இயக்குநரின் 2004ஆம் ஆண்டுப் படத்தில் அந்த ரயில் காட்சி வருகிறது. பிரேக் இல்லாமல் ஓடும் ரயிலின் முகப்பில் நிற்கும் ஸ்பைடர்மேன், முதலில் காலை ஊன்றி நிறுத்தப் பார்த்துத் தோற்கிறான். இரண்டு பக்கக் கட்டடங்களுக்கும் வீசிய முதல் இழைகள் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுகின்றன. பிறகு ஒரே நேரத்தில் ஏராளமான இழைகளை வீசி, இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, உடல் கிழிந்துவிடும் அளவுக்கு இழுபட்டு ரயிலை நிறுத்துகிறான். நிறுத்தியதும் மயங்கி விழுகிறான்.

இது நடக்கக்கூடியதா என்று இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் 2013இல் கணக்கிட்டார்கள். நெரிசலான நான்கு பெட்டிகளுக்கு, இழை தாங்க வேண்டிய விசை சுமார் 3 லட்சம் நியூட்டன் என்று வந்தது. மடகாஸ்கரின் டார்வின் மரப்பட்டைச் சிலந்தியுடைய இழையின் தரத்தில் ஒன்று இருந்தால் அது தாங்கிவிடும் என்பது அவர்களின் முடிவு. வலிமையைப் பொறுத்தவரை, படம் பொய் சொல்லவில்லை.

சிலந்தி இழையை எஃகோடு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். எவ்வளவு விசையில் அறுகிறது என்று மட்டும் பார்த்தால், உயர்தர எஃகுக் கம்பி சிலந்தி இழையை வென்றுவிடும். குண்டு துளைக்காத சட்டைகளில் சேர்க்கப்படும் கெவ்லார் அதை எளிதாகவே வென்றுவிடும். சிலந்தி இழையின் பெருமை, அறுவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கெவ்லார் சுமார் 5 கோடி ஜூல் ஆற்றலை உள்வாங்கும்போது, சிலந்தி தன் உடலைத் தாங்குவதற்கு விடும் இழை சுமார் 16 கோடி ஜூலை உள்வாங்குகிறது. டார்வின் மரப்பட்டைச் சிலந்தியின் இழை சராசரியாக 35 கோடி வரை போகிறது.

உள்வாங்கிய ஆற்றல் பிறகு எங்கே போகிறது என்ற கேள்வியில்தான் என் மனம் இந்தப் பூச்சியிடம் சிக்கிக்கொண்டது. எங்கள் வீட்டின் பின்புறம், கொய்யா மரத்துக்கும் துணிக்கொடிக்கும் நடுவே, வலையின் மையத்தில் வெள்ளை நிற வளைகோடுகளை நெய்யும் சிலந்தி ஒன்று மழைக்காலம் முழுவதும் குடியிருந்தது. ஒரு நாள் காலையில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே வெட்டுக்கிளி ஒன்று பாய்ந்து வந்து வலையில் மோதியது. வலை ஒரு சாண் அளவுக்குப் பின்னால் புடைத்தது. ரப்பரால் செய்த வலையாக இருந்தால், வந்த வேகத்திலேயே வெட்டுக்கிளியைத் திருப்பி எறிந்திருக்கும். இந்த வலையோ சோம்பல் முறிப்பதைப் போல மெதுவாகத் தன் நிலைக்குத் திரும்பியது. சிலந்தி வந்து சேரும்வரை வெட்டுக்கிளி இருந்த இடத்திலேயே இருந்தது. இழுக்கச் செலவான ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இந்த இழை வெப்பமாக்கிவிடுகிறது. திருப்பித் தருவதற்கு அதனிடம் கொஞ்சமே மிஞ்சுகிறது.

இதன் ரகசியம் இழையின் புரதத்தில் இருக்கிறது. அந்தப் புரதச் சங்கிலியில் இரண்டு வகைப் பகுதிகள் மாறி மாறி வருகின்றன. அலனின் என்ற அமினோ அமிலம் வரிசையாக நிற்கும் பகுதிகள் தட்டையான தகடுகளாகி, வெற்றிலைக் கவுளியைப் போல ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு, சில நானோமீட்டரே அகலமுள்ள படிகங்களாகின்றன. கிளைசின் மிகுந்த பகுதிகளோ ஒழுங்கே இல்லாத இடியாப்பச் சிக்கலாக அந்தப் படிகங்களுக்கு நடுவே கிடக்கின்றன. சிக்கலின் இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். வேதியியலில் இவை வலுவற்ற பிணைப்புகள். தண்ணீரின் மூலக்கூறுகளை ஒட்டவைத்திருப்பவையும் இவையே.

இழையை இழுத்தால் முதலில் அது விறைத்து நிற்கிறது. விசை ஓர் அளவைத் தாண்டியதும், சிக்கலுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஆயிரக்கணக்கில் அறுகின்றன. சுருண்டிருந்த சங்கிலிகள் நீள்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் அறும்போது ஆற்றலில் ஒரு துளி வெப்பமாகிக் கழிகிறது. அறுந்தவற்றில் பலவும் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு மறுபடியும் அறுகின்றன. சங்கிலிகள் முழுதும் நீண்ட பிறகு பாரம் படிகங்களின் மேல் இறங்குகிறது, இழை மறுபடியும் விறைக்கிறது. அறுவதற்கு முன் அது ஏறத்தாழ 30 விழுக்காடு நீண்டிருக்கும்.

அந்தப் படிகங்களையும் பிடித்துவைத்திருப்பவை அதே வலுவற்ற ஹைட்ரஜன் பிணைப்புகளே என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மார்க்கஸ் பியூலரின் குழு 2010இல் கணினி மாதிரிகளைக் கொண்டு இதற்கு விடை சொன்னது. படிகம் மிகச் சிறியதாக இருப்பதால், பாரம் வரும்போது அதிலுள்ள பிணைப்புகள் அனைத்தும் சேர்ந்து தோள்கொடுக்கின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போல. படிகம் பெரிதானால் அது வளைந்துகொடுத்து, ஓரத்திலுள்ள சில பிணைப்புகள் மட்டும் பாரத்தைத் தாங்கி அறும். அவற்றுக்கு அடுத்தவை அறும். கடைசியில் மொத்தமும் பிரிந்துவிடும். இத்தனை வலுவற்ற பொருளைக் கொண்டு இத்தனை வலிமையான ஒன்றைக் கட்ட வேண்டுமென்றால், அதைச் சிறியதாகக் கட்ட வேண்டும். பல கோடி ஆண்டுகளாகச் சிலந்தி அதைத்தான் செய்துவருகிறது, அதுவும் அறை வெப்பநிலையில், தண்ணீரில் கரைந்த புரதத்தைக் கொண்டு. கெவ்லாரை இழையாக்க நமக்கு அடர் கந்தக அமிலம் தேவைப்படுகிறது.

படத்தின் உண்மையான பொய்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவதாக, சிலந்தி தன் இழையைப் பீய்ச்சி அடிப்பதில்லை. சுரப்பியில் கூழாக இருக்கும் புரதம், குறுகிக்கொண்டே போகும் குழாய் வழியாக இழுக்கப்படும்போதுதான் நீரை இழந்து, அமிலத்தன்மை கூடி, திட இழையாகிறது. சிலந்தி இழையின் முனையை எங்காவது ஒட்டிவிட்டுத் தன் எடையாலோ காலாலோ அதை இழுக்க வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே முதல் இழையைக் கட்டும்போது, இழையைக் காற்றில் மிதக்கவிட்டு, அது எதிர்ப்பக்கத்தில் ஒட்டும்வரை காத்திருக்கிறது.

இரண்டாவது, எடை. 200 டன் ரயில் வினாடிக்கு 24 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 5 கோடியே 76 லட்சம் ஜூல். அதை விழுங்கச் சாதாரணச் சிலந்தி இழை 0.36 கன மீட்டர் வேண்டும். அதன் எடை சுமார் 470 கிலோ. டார்வின் மரப்பட்டைச் சிலந்தியின் இழையானாலும் 200 கிலோவுக்கு மேல் வேண்டும். அவ்வளவு புரதத்தை ஒல்லியான இளைஞன் ஒருவன் மணிக்கட்டிலிருந்து தர முடியாது. தோட்டத்துச் சிலந்திக்கும் இந்த நெருக்கடி உண்டு. அதனால்தான் பல இனங்கள் பழைய வலையை உண்டு, அதன் புரதத்தைக் கொண்டே புதிய வலையை நெய்கின்றன.

இந்தப் பொய்களை நான் மன்னிக்கிறேன். இவை அனைத்தும் அந்த ஒரே விலக்குக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் விலக்கு என்பது விலக்கு என்றே பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 2020இல் பொலிவியாவில் மூன்று சிறுவர்கள் ஸ்பைடர்மேன் ஆகிவிடலாம் என்று நம்பிக் கறுப்பு விதவைச் சிலந்தியிடம் கடி வாங்கி, மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார்கள். அந்த நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்கும் ஒரு புரதம். அதற்கு வேறு எந்தச் சக்தியும் கிடையாது. சக்தி இருப்பதாக நினைத்த அந்தச் சிறுவர்களையும், பூச்சிக்கடிக்கு மருத்துவரிடம் போகாமல் மந்திரிக்க அழைத்துச் செல்லும் நம் ஊர்ப் பெரியவர்களையும் நான் ஒரே கவலையோடுதான் பார்க்கிறேன். திரைப்படமாவது தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொள்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆறுகளின் குறுக்கே 25 மீட்டர் நீளத்துக்கு இழை கட்டும் அந்த மரப்பட்டைச் சிலந்தி, 2009-10 காலத்தில்தான் ஒரு தனி இனமாக அறிவியலில் பதிவானது. அதைக் கண்டவர்கள் மாத்யாஸ் குண்ட்னர், இங்கி அக்னார்சன் என்ற சிலந்தி வகைப்பாட்டாளர்கள். காடுகாடாக அலைந்து, பிடித்து, கால்களையும் மயிர்களையும் எண்ணி, பெயர் வைப்பவர்கள். பயன் என்ன என்று கேட்டால் உடனே விடை சொல்ல முடியாத வேலை அது. உலகில் அறியப்பட்ட உயிரிழைகளிலேயே மிக அதிக ஆற்றலை விழுங்கும் இழை அந்த வேலையிலிருந்துதான் கிடைத்தது. ஆராய்ச்சிக்கென்று மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காட்டைக்கூடச் செலவிடாத நம் நாட்டில், மேற்குத் தொடர்ச்சி மலையில் சிலந்திகளை எண்ண விரும்பும் இளைஞனுக்கு நல்கை கிடைக்காமல் போவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

வாசகியின் கேள்விக்கு நான் ஆம் என்று சொல்வதற்கு ரயில் காட்சியைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. 1973 ஜூன் மாதத்து ஸ்பைடர்மேன் காமிக்ஸில், அவன் காதலி குவென் ஸ்டேசி பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளப்படுகிறாள். அவன் வீசிய இழை அவள் கால்களைப் பற்றி நிறுத்துகிறது. மேலே இழுத்துப் பார்த்தால் அவள் இறந்திருக்கிறாள். திடீரென்று நின்ற அதிர்ச்சியே அவளைக் கொன்றது என்று பின்வந்த இதழொன்றில் ஆசிரியர் குழுவே விளக்கியது. காப்பாற்ற வீசிய இழையே கொன்றுவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 90 மீட்டர் விழுந்தவள் வினாடிக்கு 42 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருப்பாள். 40 மீட்டர் எஃகுக் கம்பி ஒரு விழுக்காடு மட்டும் நீண்டு அவளை நிறுத்தினால், புவியீர்ப்பைப்போல் 200 மடங்குக்கும் மேற்பட்ட முடுக்கம் அவள் உடலில் இறங்கும். அதே நீளச் சிலந்தி இழை 12 மீட்டர் நீண்டுகொடுத்து, அரை வினாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு, அதை ஏழெட்டு மடங்காகக் குறைத்துவிடும். போர் விமானிகள் தாங்கும் அளவு அது. ஆனால் கால் மட்டும் கட்டுண்டு தலை தொங்கிய உடலில் கழுத்து அதைத் தாங்குவது கடினம். உண்மையான சிலந்தியும் இழையின் நெகிழ்வை மட்டும் நம்புவதில்லை. கூரையிலிருந்து விழும்போது, இழை வெளிவரும் குழாயை உள்ளிருந்தே இறுக்கி, கிணற்று வாளியின் கயிற்றைக் கைக்குள் உரசவிட்டு இறக்குவதைப் போல, இழையை விட்டுக்கொண்டே வேகத்தைக் குறைக்கிறது.

2014ஆம் ஆண்டுப் படமும் குவெனைச் சாகவிட்டது. கடிகார கோபுரத்துக்குள் விழும் அவளை இழை எட்டிப் பிடிக்கிறது. ஆனால் அவள் தலை தரையில் மோதிவிடுகிறது. கோடிக்கணக்கில் பணம் போட்டவர்கள் நாயகியைப் பிழைக்கவைத்திருக்கலாம். செய்யவில்லை, இயற்கையின் விதி அன்பானவர்களுக்காகவும் ஒதுங்கிக்கொள்ளாது என்பதை அந்தப் படம் மறைக்கவில்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2021இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் அதே நடிகர், ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, அதே ஸ்பைடர்மேனாகத் திரும்பி வருகிறார். சுதந்திர தேவி சிலையைச் சுற்றிய சாரத்திலிருந்து வேறொரு பெண் விழுகிறாள். இந்த முறை அவன் இழையை மட்டும் நம்பி மேலே நிற்கவில்லை. தானே தலைகீழாகப் பாய்கிறான், விழுந்துகொண்டிருப்பவளை எட்டிக் கைகளில் சேர்த்துக்கொள்கிறான், அவளோடு தரையிறங்குகிறான். நலமா என்று அவளிடம் கேட்கும்போது அழுகை அவன் தொண்டையை அடைக்கிறது. அம்மா, அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு உங்கள் மகனிடம் ஒரு தாளைக் கொடுங்கள். அன்று பாலத்திலிருந்து விழுந்த குவெனை அவன் குறைந்தது எத்தனை மீட்டர் தூரம் எடுத்துக்கொண்டு நிறுத்தியிருந்தால் அவள் கழுத்து பிழைத்திருக்கும் என்று கேளுங்கள்.