ஒகேனக்கல் வியாபாரமும் வளராத கைமுதலும்

கர்நாடகத்தில் மழை வலுத்து, கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்துவிட்டால், தர்மபுரி மாவட்டம் ஒகேனக்கலில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை வந்துவிடும். பரிசல்காரருக்குச் சவாரி கிடையாது. எண்ணெய் தேய்த்துவிடுபவருக்கு ஆள் வராது. மீன் சமைத்துக் கொடுக்கும் பெண்கள் அடுப்பே மூட்ட மாட்டார்கள்.

மாதச் சம்பளம், பி.எஃப். எதுவும் இல்லாத இந்தப் பிழைப்புக்கு முறைசாரா சுயதொழில் என்று பெயர். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2018 கணக்குப்படி, விவசாயத்தை ஒதுக்கிவிட்டாலும் உலகில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள். போரும் ஆட்சிக் குழப்பமும் உள்ள ஏழை நாடுகளில் இந்தப் பங்கு இன்னும் அதிகம்.

சரி, இவ்வளவு உழைத்தும் தொழில் ஏன் பெரிதாவதில்லை? திறமைக் குறைவு என்று சொல்பவர்களை நான் ஏற்கவே மாட்டேன். பணம் ஓடும் வழியைப் பாருங்கள். மசாலா வாங்கும் காசும் வீட்டு அரிசிக்கான காசும் ஒரே சுருக்குப்பையில் இருக்கின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கரைவது நாளைய எண்ணெய்க் காசு.

ஒரு வீட்டுக்கு மட்டும் கஷ்டம் என்றால் பக்கத்துக் கடையில் கைமாத்து கிடைக்கும், மகளிர் குழுவில் உள்கடன் கிடைக்கும். வெள்ளம் வந்தாலோ கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றுபோகிறது. அப்புறம் தண்டல்காரர்தான் கதி. தண்ணீர் வடிந்தபின் வரும் லாபம் வட்டிக்குப் போய்விடும். ஊரடங்கும் எல்லை மூடலும் அடிக்கடி வரும் நாடுகளில் வருடம் முழுக்க இதே நிலைமை. அதனால்தான் ஒரே வீட்டில் ஒருவர் பரிசல் ஓட்ட, ஒருவர் மீன் சமைக்க, இன்னொருவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் எந்தத் தொழிலுக்கும் போதிய முதல் சேராது.

முதல் கிடைத்தால் என்ன ஆகும்? சுனாமிக்குப் பிறகு இலங்கையின் தென் மாவட்டங்களில் இதைச் சோதித்தார்கள். சிறு தொழில் செய்பவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் இலவசமாகக் கொடுத்தார்கள். 2008-ல் வெளியான முடிவின்படி, அந்தப் பணம் மாதத்துக்கு சுமார் 5 சதவீதம் ஈட்டியது. எந்த வங்கி வட்டியும் அதன் பக்கத்தில் வராது. பெண்களின் தொழிலில் மட்டும் லாபம் கூடவில்லை. 2019-ல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை வீடு வீடாகப் பிரித்துப் பார்த்தார்கள். மனைவிக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டு வருமானம் உயரத்தான் செய்தது. அங்கேயும் ஒரே சுருக்குப்பை.

எனவே கடனோடு காப்பீடும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வருமானச் சான்று இவர்களிடம் இருக்காது, அது தேவையும் இல்லை. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. அந்த அளவு ஒரு வரம்பைத் தாண்டிய நாட்களுக்கெல்லாம், யாரும் விண்ணப்பிக்காமலேயே பரிசல்காரர் கணக்கிலும் மீன் சமைக்கும் பெண்கள் கணக்கிலும் ஒரு தொகை ஏறும்படி செய்துவிடலாம்.