குதிரைக் குட்டிக்குத் தவிட்டைக் கொட்டாதீர்கள்

சென்ற வாரம் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஏற்றி வரப்பட்ட ஏழு மாத ஆண் குட்டியின் முன்னங்கால்களைத் தடவிப் பார்த்தபோது, இதை எழுதுவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன். மேனி பளபளத்தது, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சதை பிடித்திருந்தது. ஆனால் கணுக்கால் மூட்டுகள் இரண்டும் மேலும் கீழும் புடைத்து, நடுவில் ஒடுங்கி, உடுக்கையைப் போல இருந்தன. மூட்டுக்குச் சற்று மேலே விரலால் அழுத்தியதும் குட்டி வலி தாங்காமல் காலை இழுத்துக்கொண்டது.

"தினமும் விளக்கெண்ணெய் தேய்த்து நீவுகிறேன் டாக்டர், தீனியில் ஒரு குறையும் வைக்கவில்லை" என்றார் உரிமையாளர். அவர் சொன்னது உண்மைதான். அந்தியூர்ச் சந்தையில் தாயோடு வாங்கி வந்த அந்தக் குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோ கோதுமைத் தவிடும், அதன் மேல் மக்காச்சோள மாவும், வயிறு நிறையக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் போட்டிருக்கிறார். இதே தீனியோடும் இதே காலோடும் இந்த ஆண்டில் என்னிடம் வந்த ஐந்தாவது குட்டி அது.

தவிடு எலும்புக்கு உரம் என்ற நம்பிக்கையை யார் விதைத்தார்களோ தெரியவில்லை. அதைப் பிடுங்கி எறிவதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். வளர்ந்தபின் 400 கிலோ எடை வரக்கூடிய குதிரையின் ஆறு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் கால்சியமும் 17 கிராம் பாஸ்பரஸும் தேவை. மூன்று கிலோ கோதுமைத் தவிட்டில் 30 கிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. கால்சியமோ நான்கு கிராம் அளவில்தான் இருக்கிறது. ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் இது தலைகீழாக நிற்கிறது. பற்றாக்குறையைச் சரிக்கட்ட உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். தவிட்டை ஊறவைத்தாலும் வேகவைத்தாலும் வெல்லம் கலந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அரிசித் தவிட்டில் நிலைமை இன்னும் மோசம். மேலைநாடுகளில் மாவு ஆலைக்காரர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தவிட்டையே போட்டு வளர்த்ததால், முக எலும்பு வீங்கும் நோய்க்கு ஆலைக்காரர் நோய் என்றே ஒரு பெயர் உண்டு. கொள்ளின் மீது பழி போடாதீர்கள். அளவோடு கொடுத்தால் அது இத்தனை தீங்கு செய்வதில்லை.

மாட்டுக்கு நல்லது குதிரைக்கும் நல்லது என்பது அடுத்த தவறு. நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் என்னும் வேதிப்பொருள் கால்சியத்தை உடலுக்குக் கிடைக்காதபடி பிணைத்துக்கொள்ளும். மாட்டின் அசைவயிற்று நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். கால்சியத்தைச் சிறுகுடலிலேயே உறிஞ்சிக்கொள்ளும் குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆட்டுக்கு வெட்டிய சவுண்டல் (சூபாபுல்) தழையையும் குட்டியின் முன் போடாதீர்கள். பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும்.

கோயில் ஊர்வலத்துக்கும் திருமண அழைப்புக்கும் சீக்கிரம் தயாராக வேண்டும் என்று மாவுத்தீனியைத் திணிப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: குட்டியை மெல்ல வளரவிடுங்கள். வேகமாக ஏறும் எடையை முற்றாத குருத்தெலும்பு தாங்காது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கைக்கு மட்டும் தட்டுப்பட வேண்டும். அதுவே சரியான உடல்வாகு.

தீனியில் பாதிக்குக் குறையாமல் நார்த்தீவனம் இருக்கட்டும். குதிரைமசால் (லூசர்ன் தீவனம்) கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கிடைக்காவிட்டால் நம் வடாற்காட்டில் எங்கும் விளையும் வேர்க்கடலையின் காய்ந்த கொடியே போதும். அதிலும் கால்சியம் தாராளமாக உண்டு. பூஞ்சணம் பிடித்த கொடியை மட்டும் தொடவே தொடாதீர்கள். தானியத்தை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தாமிரமும் துத்தநாகமும் உள்ள, குதிரைக்கென்றே தயாரித்த தாது உப்புக் கலவையை வாங்குங்கள். ஏற்கெனவே தவிடு தின்று வளர்ந்த குட்டிக்குச் சிலர் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) தூளைக் கொடுக்கிறார்கள், அதிலும் பாஸ்பரஸ் இருப்பதால் நான் தீவனத் தரமுள்ள கால்சியம் கார்பனேட்டையே எழுதித் தருகிறேன். அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். வாயும் குடலும் வெந்துபோகும்.

மூட்டு புடைத்துவிட்டால் மாவுத்தீனியை உடனே குறையுங்கள். ஆனால் பட்டினி போடாதீர்கள், தாது உப்பையும் நிறுத்தாதீர்கள். நீண்ட கயிற்றில் பிடித்து வட்டமாக ஓட்டுவதை நிறுத்தி, சிறிய அடைப்பில் தானாக நடமாட விடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவுங்கள்.

பிறந்த குட்டியின் கணுக்கால் உள்ளேயோ வெளியேயோ வளைந்திருந்தால், வளர வளர நேராகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அந்த மூட்டை ஒட்டிய எலும்பின் வளர்ச்சி முதல் மூன்று மாதங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இரண்டு மாதம் நிறைவதற்குள் கொண்டு வந்தால்தான் என்னால் ஏதாவது செய்ய முடியும்.