கேமிங் மானிட்டரில் படம் ஏன் இழுபடுகிறது?

பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கேமிங் மானிட்டர் தேடினால், கண்ணில் படும் பெட்டிகளில் பாதிக்கு மேல் இரண்டு எண்கள் பெரிதாக அச்சாகியிருக்கும்: 180 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அப்படி இரண்டு மானிட்டர்களை அருகருகே வைத்து ஒரே கேமை ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் ஓடுகிற ஆள் தெளிவாகத் தெரிவான். இன்னொன்றில் அவன் பின்னால் கறுப்பாக ஒரு வால் இழுபட்டுக்கொண்டே போகும். ஹெர்ட்ஸ் எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம். மில்லிசெகண்ட் எண்ணை, அதை எப்படி அளந்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் நம்ப வேண்டும்.

முதலில் ஹெர்ட்ஸ். திரை ஒரு வினாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதுதான் அது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும். 144-ல் 6.9, 180-ல் 5.6, 240-ல் 4.2. 60-லிருந்து 144-க்குப் போகும்போது ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் குறைகிறது. 180-லிருந்து 240-க்குப் போனால் குறைவது ஒன்றரை கூட இல்லை. முதல் தாவலை மவுஸை ஒரு சுற்றுச் சுற்றினாலே யாரும் உணர்ந்துவிடுவார்கள். அடுத்த தாவலுக்குத் தரும் பணம் போட்டிகளில் ஆடுபவர்களுக்கு வேண்டுமானால் பயன்படும்.

படம் அதிக நேரம் நின்றால் ஏன் மங்கலாகிறது? ஒரு பொருள் திரையில் வினாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலமுள்ள திரையைக் கடக்க அதற்கு 2 வினாடி ஆகும். பெரிய வேகம் இல்லை. நம் கண் அதைப் பின்தொடர்ந்து சீராக நகரும். திரையிலுள்ள பொருளோ சீராக நகரவில்லை. 60 ஹெர்ட்ஸில் அது ஒவ்வொரு இடத்திலும் வினாடியில் 60-ல் ஒரு பங்கு நேரம் அசையாமல் நின்று, பிறகு அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. அது நிற்கிற அந்த நேரத்துக்குள் கண் 16 பிக்சல் தள்ளிப் போய்விடுகிறது. நின்ற படம் விழித்திரையில் 16 பிக்சல் அகலத்துக்குத் தேய்கிறது. 120 ஹெர்ட்ஸில் இது 8 பிக்சல், 240-ல் 4. பிக்சல் நொடிப்பொழுதில் நிறம் மாறினாலும் இந்தத் தேய்ப்பு இருக்கும், ஏனென்றால் இது கண்ணுக்குள் நடக்கிறது. பழைய டியூப் மானிட்டர்களில் ஒவ்வொரு புள்ளியும் சட்டென்று ஒளிர்ந்து உடனே அணைந்துவிடும். படம் நிற்பதே இல்லை, அதனால் 60 ஹெர்ட்ஸிலும் அவற்றில் அசைவு தெளிவாக இருந்தது.

ஆக, ஹெர்ட்ஸ் கூடக் கூட அசைவு தெளிவாகும். ஆனால் அடுத்த படம் வருவதற்குள் பிக்சலும் மாறி முடித்திருக்க வேண்டும். மலிவு மானிட்டர்கள் தடுமாறுவது இங்கேதான்.

எல்சிடி திரையின் ஒவ்வொரு பிக்சலிலும் திரவப் படிகம் இருக்கிறது. மின்னழுத்தத்தை மாற்றினால் அதன் மூலக்கூறுகள் திரும்பும். எவ்வளவு திரும்புகின்றன என்பதைப் பொறுத்துப் பின்விளக்கின் ஒளி கூடவோ குறையவோ வெளியே வரும். நிஜமாகவே ஒரு பொருள் திரும்ப வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கிறது. எல்சிடி-யில் ஒரு வகையான விஏ பேனல்களில் இது குறிப்பாகத் தெரியும். அவற்றின் கறுப்பு நல்ல ஆழமான கறுப்பு: ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) சுமார் 1000-க்கு 1 என்றால், விஏ-யில் 3000-க்கு 1 வரை போகும். ஆனால் கறுப்பிலிருந்து கரும் சாம்பல் நிறத்துக்கு மாறுவதுதான் அதற்கு மிகக் கஷ்டம். வித்தியாசம் சிறிது என்பதால் தரப்படும் மின்னழுத்தமும் சிறிது. மூலக்கூறுகள் மெதுவாகத்தான் அசைகின்றன. மலிவு விஏ பேனலில் இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் 20 மில்லிசெகண்டுக்கு மேலும் ஆகலாம். 180 ஹெர்ட்ஸில் அதற்குள் மூன்று படங்கள் வந்து போய்விடும். இருட்டான நடைபாதையில் எதிரி ஓடும்போது பின்னால் தெரிகிற கறுப்பு வால் இதுதான். வெளிச்சமான காட்சிகளில் அதே மானிட்டர் அருமையாக இருக்கும், அதனால் கடையில் ஓடும் டெமோ வீடியோவில் இது மாட்டவே மாட்டாது.

அப்படியானால் பெட்டியில் உள்ள 1 மில்லிசெகண்ட் எங்கிருந்து வருகிறது? ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தைத்தான் அளக்கிறார்கள். வழக்கமாக முழு மாற்றத்தையும் கணக்கில் எடுப்பதில்லை; 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரைதான். அதிலும் ஆகச் சிறந்த ஒரு ஜோடி நிறத்துக்குக் கிடைத்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். அதை எடுக்கும்போது ஓவர்டிரைவ் உச்சத்தில் இருந்திருக்கும். ஓவர்டிரைவ் என்பது, பிக்சல் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுப்பது. இறுகின கதவை ஓங்கித் தள்ளினால் திறக்கும், ஆனால் சுவரில் மோதித் திரும்பும். பிக்சலும் வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. நகரும் பொருளைச் சுற்றி வெளிறிய விளிம்பாக அது தெரியும். பல மானிட்டர்களில் இந்த உச்ச அமைப்பில் கேம் ஆடவே முடியாது. எண்ணுக்குப் பக்கத்தில் எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் கதையே வேறு: அது பின்விளக்கை விட்டு விட்டு அணைத்து எடுத்த அளவு. அந்த அமைப்பைப் போட்டால் வெளிச்சம் குறையும்.

திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2022-ல் அடாப்டிவ்சிங்க் டிஸ்ப்ளே என்றொரு சான்று கொண்டுவந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது அதன் விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. மலிவு மாடல்களில் இந்த முத்திரையை அரிதாகத்தான் பார்க்கிறோம். எனவே ஒவ்வொரு நிற மாற்றத்தையும் கருவி வைத்து அளந்து போடும் ரிவ்யூவைத் தேடிப் படிப்பதுதான் வழி. அப்படி ஒன்று கிடைக்கவில்லையென்றால், இந்த விலையில் ஐபிஎஸ் பக்கம் போங்கள். இருட்டறையில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், அதைச் சகித்துக்கொள்ளலாம். சுமாரான 240 ஹெர்ட்ஸ் விஏ-யை விட நல்ல 144 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் அசைவைத் தெளிவாகக் காட்டும்.

அப்புறம், கிராபிக்ஸ் கார்டு. உங்கள் கார்டு வினாடிக்கு 90 ஃப்ரேம்தான் (படம்) தருகிறது என்றால் 180 ஹெர்ட்ஸ் வீணா? வீண் இல்லை. ஃப்ரேம் தயாராகும் வரை திரை காத்திருந்து மாறும் வசதி இப்போது மலிவு மானிட்டர்களிலும் வந்துவிட்டது. 2013-ல் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா இந்த வசதியை ஜி-சிங்க் என்ற பெயரில் அறிவித்தபோது அதற்கென்று தனிச் சர்க்யூட் தேவைப்பட்டது, விலையும் ஏறியது. 2014-ல் வெசா இதே வசதியை டிஸ்ப்ளேபோர்ட் என்ற கேபிள் இணைப்புத் தரத்தில் சேர்த்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டி-யின் ஃப்ரீசிங்க் அதன் மேல் வளர்ந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் அத்தகைய மானிட்டர்களை ஏற்றுக்கொண்டது. 48 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இயங்கும் திரையில், கேம் 40 ஃப்ரேமுக்கு இறங்கினால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டிவிடலாம். 48 முதல் 75 வரை மட்டுமே போகும் மானிட்டரில் அந்த இரட்டிப்புக்கு இடமே இல்லை. சாதாரண கார்டு வைத்திருப்பவருக்கும் உயர்ந்த ஹெர்ட்ஸ் உதவுவது இப்படித்தான். ஒரு சிக்கல் உண்டு: 180-க்கு ஏற்ற ஓவர்டிரைவ் 60-க்கு அதிகம். விலை கூடிய சில மாடல்கள் வேகத்துக்கு ஏற்ப அதைத் தாமே மாற்றிக்கொள்ளும். மலிவானவற்றில் பெரும்பாலும் அது இல்லை. நடு அமைப்பில் வைத்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. 1080பி (1920 x 1080 பிக்சல்) என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்துங்கள். 27-ல் எழுத்து சொரசொரப்பாகத் தெரியும், அந்த அளவுக்கு 1440பி (2560 x 1440) வேண்டும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் என்று சொல்லும் ஹெச்டிஆர் 400 முத்திரைக்காக ஒரு ரூபாய் கூட அதிகம் தர வேண்டாம், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இல்லாமலேயே அதை வாங்கிவிட முடியும்.

மானிட்டர் வீட்டுக்கு வந்ததும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்து, விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். பல நேரம் அது 60-லேயே நிற்கும். கையால் மாற்ற வேண்டும். பிறகு பிரவுசரில் அசைவைச் சோதிக்கும் யூஎஃப்ஓ டெஸ்ட் பக்கத்தைத் திறந்து, ஓவர்டிரைவை ஒவ்வொரு படியாக ஏற்றியபடி பறக்கும் தட்டின் பின்விளிம்பைக் கவனியுங்கள். வெளிறிய நிழல் தோன்றுகிற படிக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். எந்தப் படியிலும் வால் போகவில்லையென்றால், திருப்பி அனுப்பக் கடைக்காரர் தந்த நாட்கள் முடிவதற்குள் திருப்பிவிடுங்கள்.