கிட்இக்னோர் ஒரு பூட்டு அல்ல

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை வாங்கும் சிறு வணிகர்களுக்கும் தோட்டக் குத்தகையாளர்களுக்கும் எடைச்சீட்டு, சம்பளக் கணக்கு மென்பொருள்களைப் பராமரித்துத் தருவது என் தொழில். அண்மைக் காலமாக அந்த அலுவலகங்களில் உள்ள இளைஞர்கள், கோப்புகளைப் படித்துக் கட்டளைகளைத் தானே இயக்கும் ஏஐ ஏஜெண்டைக் கொண்டே நிரலைத் திருத்துகிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், “ரகசியக் கோப்பையெல்லாம் கிட்இக்னோர்ல போட்டாச்சு அண்ணே, பயமில்ல” என்று அவர்கள் சொல்லும்போதுதான் கவலை வருகிறது.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் பணிக்காக உருவாக்கிய, நிரலின் மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டுக்கு, கிட்இக்னோர் கோப்பு சொல்வதெல்லாம் இன்னும் பதிவில் சேராத இன்னின்ன கோப்புகளைக் கண்டுகொள்ளாதே என்பதுதான். ஏற்கெனவே கமிட் ஆன (அந்த வரலாற்றில் பதிவாகிவிட்ட) கோப்பின் பெயரை அதில் எழுதிப் பயனில்லை. ‘கிட் ஆர்எம்’ கட்டளையை ‘கேஷ்ட்’ தெரிவோடு கொடுத்து இனிமேலான பதிவுகளிலிருந்து விலக்கினாலும் பழைய கமிட்டுகளில் அது அப்படியே கிடக்கும். ஓர் அலுவலகத்தில், தொழிலாளர்களின் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கொண்ட சம்பளப் பட்டியல் கோப்புறையில் எங்கு தேடியும் இல்லை. கோப்பின் பெயரோடு, வரலாற்றைக் காட்டும் ‘கிட் லாக்’ கட்டளையைக் கொடுத்ததும் முதல் கமிட்டிலேயே வந்து நின்றது. வரலாற்றைத் துப்புரவாக்க ‘ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவி உண்டு. சிக்கியது கடவுச்சொல்லாக இருந்தால் அதை முதலில் மாற்றிவிட்டுத்தான் துப்புரவில் இறங்க வேண்டும், ஏனெனில் பிறர் இறக்கிக்கொண்ட நகல்களை நம்மால் அழிக்க முடியாது. 2025 ஜூன் முதல், கணிசமான பாதிப்பு விளைவிக்கக்கூடிய வகையில் தனிநபர் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை நம் நாட்டில் நடப்பில் இருப்பதையும் முதலாளிகள் அறிந்திருப்பது நல்லது.

ஏஜெண்ட் உங்கள் கணக்கில் இயங்கினால், நீங்கள் திறக்கக்கூடிய எந்தக் கோப்பையும் அதுவும் திறக்கும். கிட்இக்னோர் அதைத் தடுக்காது. ‘இதைப் படிக்காதே’ என்று அறிவுறுத்தல் கோப்பில் எழுதுவது வேண்டுகோள் மட்டுமே. அது படிக்கும் வேறொரு கோப்பில் யாரேனும் மாற்றுக் கட்டளையை ஒளித்து வைத்திருந்தால், அந்த வேண்டுகோள் காற்றில் போய்விடும். ஆகவே நான் ஏஜெண்டுக்குத் தனிப் பயனர் கணக்கும் தனி நகலும் கற்பனைப் பெயர்கள் கொண்ட மாதிரித் தரவும் மட்டுமே தருகிறேன். நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்துக்கான டோக்கன் (அனுமதிச் சாவி) ஒரே களஞ்சியத்துக்கு, அதாவது ஒரே நிரல் தொகுப்புக்கு, காலாவதித் தேதியோடு. முதன்மைக் கிளைக்குள் நேரடியாகத் தள்ளுவதையும் ஃபோர்ஸ் புஷ்ஷையும் (பழைய வரலாற்றின் மேல் வலிந்து எழுதுவதையும்) சர்வரிலேயே தடுத்துவிடுகிறேன். கமிட்டுக்கு முன் தானாக ஓடிச் சோதிக்கும்படி நம் கணினியில் வைக்கும் ப்ரீ-கமிட் ஹூக் நல்லதுதான், ஆனால் ‘நோ-வெரிஃபை’ என்ற ஒரு தெரிவால் அதைத் தாண்டிவிடலாம்.

தனிக் கணக்கு வைத்தவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஏஜெண்டின் கோப்புறை போல வேறொரு பயனருக்குச் சொந்தமான கோப்புறையில் இயங்க கிட் 2022 முதல் மறுக்கிறது; அந்தக் கோப்புறையின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பிலோ ஹூக்கிலோ ஒளிந்திருக்கும் கட்டளை உங்கள் கணக்கில் ஓடிவிடக்கூடும் என்பதே காரணம். திரையில் வரும் அந்த எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறதென்று ‘சேஃப் டைரக்டரி’ அமைப்பில் ‘எல்லாக் கோப்புறைகளும் நம்பத்தக்கவை’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைப் போட்டு வாயடைப்பவர்களே அதிகம். அதற்குப் பதில், ஏஜெண்டின் வேலையை சர்வர் வழியாக உங்கள் நகலுக்கு இழுத்துப் படித்துப் பாருங்கள்.

தவறாக நகர்த்திய கமிட்டை, கிட் தன் நகர்வுகளைக் குறித்துவைக்கும் ‘ரெஃப்லாக்’ கொண்டு பெரும்பாலும் மீட்கலாம். ஆனால் பதிவில் சேராத கோப்புகளை அழிக்கும் ‘கிட் கிளீன்’ கட்டளையில் எக்ஸ் தெரிவைச் சேர்த்தால், புறக்கணிக்கப்பட்ட கோப்புகளும் சேர்ந்து அழியும். கிட்டிடம் அவற்றுக்கு நகலே கிடையாது. எடைமேடையின் தரவுத்தளம் பெரும்பாலும் அந்தப் புறக்கணிப்புப் பட்டியலில்தான் இருக்கும் என்பதால், ஏஜெண்ட் இயங்கும் கணினியில் அதை நான் வைப்பதே இல்லை.