தீட்டு, தூரம், விலக்கு: மாதவிடாய்க்கு எத்தனை பெயர்!

எங்கள் வீட்டுக் கொல்லைப்புற மாடத்தில் ஒரு அலுமினியத் தட்டும் டம்ளரும் தனியாக இருக்கும். அம்மா ‘தூரம்’ ஆன மூன்று நாளும் அதில்தான் சாப்பாடு. கரண்டி தட்டில் படாமல் மேலே இருந்து சோறு விழும். ஏன் என்று கேட்டால் பாட்டி ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: தீட்டு.

தோன்று என்பதிலிருந்து தோற்றம் பிறந்ததுபோல, தீண்டு என்பதிலிருந்து பிறந்தது தீட்டு. தீண்டுதல் என்றால் தொடுதல். (கத்தி தீட்டுவதும் ஓவியம் தீட்டுவதும் வேறு.) ஆக, இந்தச் சொல்லுக்குள் ரத்தமும் இல்லை, அழுக்கும் இல்லை, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்தான் இருக்கிறது. தீண்டாமைக்கும் இதே வேர். 2018 சபரிமலைத் தீர்ப்பில், மாதவிடாயைக் காட்டிப் பெண்ணை விலக்குவதும் அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு ஒழித்த தீண்டாமைதான் என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். தீர்ப்பு பிறகு மறுஆய்வுக்குப் போனது. ஆனால் அந்த உறவைத் தமிழ் தன் வேரிலேயே வைத்திருக்கிறது.

தூரம், வீட்டுக்கு விலக்கு, மாதவிலக்கு எல்லாமே பெண் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் சொற்கள். அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. மதுரைப் பக்கம் சில ஊர்களில் விலக்கான பெண்கள் தங்குவதற்கென்றே ‘முட்டுவீடு’ உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, வயதுக்கு வந்தாள் என்று பட்டுக்கோட்டை அருகே தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்ட சிறுமி, தென்னை மரம் விழுந்து செத்துப்போனாள். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தக் காலத்திலும் விலக்கு இருந்தது. புறநானூற்றின் 299-ம் பாட்டில், முருகன் கோயிலில் பாத்திரம் தொடாமல் ஒதுங்கி நிற்கும் ‘கலந்தொடா மகளிர்’ வருகிறார்கள். ஆனால் தொல்காப்பியம் சொல்லும் பெயர் ‘பூப்பு’. பரத்தையிடம் போன கணவன்கூட, மனைவிக்குப் பூப்பு வந்தபின் பன்னிரண்டு நாள் பிரிந்திருப்பது அறமல்ல என்கிறது அதன் கற்பியல் பகுதி. பிள்ளைப்பேற்றை மனதில் வைத்துச் சொன்னதுதான். இருந்தாலும் பூ என்று பெயர் வைக்கத் தோன்றியிருக்கிறதே!

சரி, இன்று எதைச் சொல்வது? பூப்பு இப்போது முதல் தடவைக்கு மட்டும் சுருங்கிவிட்டது. என் கட்சி மாதவிடாய். விடாய் என்றால் தாகம், களைப்பு. மாதாமாதம் உடம்பு படும் பாட்டைச் சொல்கிற சொல் இது. யாரையும் எங்கேயும் துரத்தவில்லை. எழுத்தில் இதையே எழுதலாம். பேச்சில் ‘பீரியட்ஸ்’ என்று வந்தாலும் குறையில்லை, குரலைத் தாழ்த்தாமல் சொன்னால் சரி.

போன மாதம் என் அக்கா மகள் கூடத்தில் இருந்தபடியே கேட்டாள்: “தாத்தா, எனக்கு பீரியட்ஸ். கடைக்குப் போனா நாப்கின் வாங்கிட்டு வாங்க.” அப்பா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கடையிலிருந்து போன் வந்தது: “எந்த அளவும்மா கேக்கணும்?”