குத்தூசியில் ஏறும் ஒன்பது மணிகள்

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் அரிசி லாரியைச் சோதிக்க மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை. குத்தூசியைச் சாக்கில் செருகி இழுத்தால் அதன் பள்ளத்தில் நாலைந்து மணி வந்து நிற்கும். பொன்னியா, ரேஷன் அரிசியா என்பதை அந்த மணிகளே சொல்லிவிடும். கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருந்த என் மாமா, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு குத்தூசி வைத்திருந்தார்.

நம் செல்களிடமும் அப்படி ஓர் ஊசி உண்டு. ஆனால் வெளியிலிருந்து யாரும் குத்துவதில்லை, செல்லே உள்ளிருக்கும் சரக்கில் கொஞ்சம் எடுத்து வாசலில் நீட்டுகிறது. உள்ளே பழசான புரதங்களும் கோணலாக உருவானவையும் துண்டு துண்டாக வெட்டப்படுகின்றன. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றில் எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகள், பெரும்பாலும் ஒன்பது, எம்எச்சி என்ற புரதத்தின் பள்ளத்தில் ஏறிச் செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. இந்தத் துண்டுக்குப் பெயர் பெப்டைடு. உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் அதன் துண்டும் ஏறிவிடும். ரோந்து வரும் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல் அந்த அந்நிய மணியைப் பார்த்ததும் செல்லையே கொன்றுவிடும். டி செல் வைரஸை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, சொந்த எம்எச்சியோடு சேர்த்தே பார்க்கிறது என்று பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் கான்பெராவில் 1974-இல் காட்டினார்கள். 1996-இல் அதற்கு நோபல் கிடைத்தது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோது இங்கே முதலமடைப் பக்கம் மாம்பழக் காலம். வவ்வால் கடித்த பழம்தான் இனிக்கும் என்று பொறுக்கித் தின்ற பிள்ளைகளுக்கு அந்த வருஷம் மரத்தடிக்கே போகத் தடை. மனிதனைச் சாய்க்கும் வைரஸ் பழந்தின்னி வவ்வாலுக்குள் சும்மா இருக்கிறதே, எப்படி? வவ்வாலின் செல் எந்த மணியை வாசலில் நீட்டுகிறது என்பது அந்தப் புதிரில் ஒரு துண்டு. உயிருள்ள நிபாவைக் கையாள புனேயில் உள்ளது போன்ற உச்சப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். இந்தக் கேள்விக்கோ வைரஸே வேண்டாம். இயந்திரத்தில் கோத்தெடுத்த ஒன்பது அமினோ அமிலம் யாருக்கும் தொற்றாது. அப்புறம் வேண்டியது பள்ளமுள்ள அந்தப் புரதம் மட்டும்தான்.

அதைச் செய்வதுதான் பாடு. எம்எச்சியின் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தால் அது புரதத்தைக் குவித்துத் தள்ளும், ஆனால் மடிக்கத் தெரியாது. எல்லாம் கட்டிகட்டியாகத் திரண்டு கிடக்கும். கட்டிகளைக் கழுவி, அடர்த்தியான யூரியாக் கரைசலில் போட்டால் சிக்கெடுத்த நூல் மாதிரிப் பிரிந்துவிடும். எம்எச்சிக்கு இரண்டு பாகம்: ஒரு கனமான சங்கிலி, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற ஒரு சின்னச் சங்கிலி. இரண்டையும் தனித்தனியாகச் செய்து, அர்ஜினின் என்ற அமினோ அமிலம் கலந்த குளிர்ந்த கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். யூரியா நீர்த்துப்போக, சங்கிலிகள் மெல்ல மடியும்.

மூன்றாவதாக பெப்டைடையும் போட்டால்தான் இது நடக்கும். பள்ளம் காலியாக இருந்தால் இரண்டு சங்கிலியும் சேர்ந்து நிற்காது, குலைந்துவிடும். ஹார்வர்டில் டான் வைலியின் குழு 1992-இல் மனித எம்எச்சியான எச்எல்ஏ-ஏ2-வை இந்த முறையில் மடித்தெடுத்தது.

எனக்குப் பிடித்ததே இந்தத் தொல்லைதான், ஏனென்றால் இதுவே அளவுகோலாகவும் ஆகிவிடுகிறது. எந்தப் பெப்டைடைப் போட்டால் புரதம் எழுந்து நிற்கிறதோ அது பள்ளத்தில் பொருந்துகிறது என்று அர்த்தம். பிறகு மெல்லச் சூடேற்றி, எத்தனை டிகிரியில் குலைகிறது என்று பார்த்தால் பிடிப்பு எவ்வளவு என்பதும் தெரியும். ஃபுளூ வைரஸின் ஒரு துண்டு ஏ2-வில் உட்காரும்போது இரண்டாவது, ஒன்பதாவது அமினோ அமிலங்கள் பள்ளத்தின் குழிகளில் மாட்டிக்கொள்கின்றன. நடுப்பகுதி டி செல்லுக்குத் தெரியும்படி மேலே நிற்கிறது.

ஆஸ்திரேலியாவின் கறுப்புப் பழந்தின்னி வவ்வாலின் எம்எச்சியையும் இப்படி மடித்தெடுத்துப் பார்த்தார்கள். நிபாவின் பங்காளியான ஹெண்ட்ரா வைரஸின் பெப்டைடோடு 2019-இல் அதன் வடிவம் வெளியானது. பள்ளத்தின் ஓரத்தில் மனிதருக்கு இல்லாத மூன்று அமினோ அமிலங்கள் கூடுதலாக இருந்தன. அதனால் முதல் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் உள்ள துண்டுகளை அது இறுகப் பிடிக்கிறது. வவ்வால் நோயில் விழாததற்கு இதுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆனால் ஊசியின் பள்ளமே வேறு என்பது உறுதி.

சரி, செய்த புரதத்தைக் கொண்டு நோயில் பிழைத்தவரின் ரத்தத்தில் அந்தப் பெப்டைடை அடையாளம் காணும் டி செல்லை எண்ண முடியுமா? ஒற்றைப் புரதம் டி செல்லைச் சில நொடிகளிலேயே நழுவவிடும். அதனால் அதன் வாலில் பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டி, பயோட்டினைப் பிடிக்க நான்கு இடம் உள்ள ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில் மாட்டிவிடுகிறார்கள். நான்கும் சேர்ந்து பிடித்தால் விடாது. ஒளிரும் சாயமும் சேர்த்துவிட்டால் எண்ணிவிடலாம். 1996-இல் ஜான் ஆல்ட்மனும் மார்க் டேவிஸும் செய்த வேலை இது.

ஆனால் மனிதரின் எம்எச்சியான எச்எல்ஏயில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. ஆய்வகங்கள் அதிகம் தொட்டது ஐரோப்பியரிடம் மலிந்த ஏ2 வகையை. தென்னிந்தியாவில் ஏ11, ஏ24 போன்றவையும் நிறைய. இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரர் ஒருவரின் ரத்தத்தில் எண்ண வேண்டுமென்றால், அவருடைய வகை எதுவென்று பார்த்து, யூரியாவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.